அரிவாள்மணையைப் பரணில் போட்ட வருடம்

மகள் பிறந்து 42-ஆவது நாள். அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றடி தள்ளிப் பாயில் பாப்பா கை காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள். அப்போது ஓர் எண்ணம் வந்தது. இந்த அரிவாள்மணையால் இவளை நான் ஏதாவது செய்துவிட்டால்? எண்ணமாக மட்டும் வரவில்லை, படமாகவே வந்தது. காயை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வாசலுக்கு ஓடினேன். முழங்கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின.

அன்று இரவே அரிவாள்மணையைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். அத்தை கேட்டபோது மழுங்கிவிட்டது, சாணை பிடிக்க வேண்டும் என்றேன். அடுத்த வாரம் கத்திகள், அப்புறம் கத்தரிக்கோல், அப்புறம் தலையணை. பாப்பாவைக் குளிப்பாட்டும் வேலையை அத்தையிடம் விட்டேன், தண்ணீர் இருக்கிறதே. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அவளோடு தனியாக இருப்பதைத் தவிர்க்க, ஏதாவது காரணம் சொல்லிப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வேன். அவளை என் உயிருக்கு மேலாக நினைத்தேன். அதனால்தான் அந்தப் படம் அப்படிக் குத்தியது என்பது அப்போது தெரியாது.

கணவரிடம் மட்டும் சொன்னேன். முழுவதையும் சொல்லவில்லை. "நான் பாப்பாவை ஒன்றும் செய்துவிட மாட்டேன்தானே?" என்று கேட்பேன். "நீயா? மாட்டே" என்பார். பத்து நிமிடம் நெஞ்சு லேசாக இருக்கும். பதினோராவது நிமிடம் மறுபடி கேட்பேன். ஒருநாள் அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். காலை முதல் ராத்திரி வரை 34 தடவை.

அத்தை கண்திருஷ்டி என்று நினைத்தார். உப்பு மிளகாய் சுற்றிப்போட்டார், குலதெய்வக் கோவிலுக்குக் கூட்டிப்போனார். அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பூசாரி திருநீறு பூசி, "பிள்ளையும் தாயும் நல்லா இருப்பீங்க" என்றார். என்னைப் பற்றி அவர் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. சிகிச்சை என்ற பெயரில் எனக்குத் தீர்ப்புச் சொன்னது வேறு இடம்.

பாப்பாவுக்கு ஐந்து மாதம். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, முற்பிறவிக்குக் கூட்டிச்செல்லும் ஹிப்னாஸிஸ் சிகிச்சைக்குப் போனேன். ஏசி அறை, மெல்லிய இசை, சுவர் நிறைய ஃபிரேம் போட்ட சான்றிதழ்கள். ஒரு அமர்வுக்கு 5,000 ரூபாய். சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, படிக்கட்டில் இறங்குவதாக நினைக்கச் சொன்னார்கள். கீழே என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். கிணறு என்றேன். என் அப்பத்தா வீட்டுக் கொல்லையில் கிணறு உண்டு, எனக்குப் படிக்கட்டு என்றாலே அதுதான் ஞாபகம் வரும். கிணற்றருகே யார் இருக்கிறார்கள்? குழந்தை என்றேன். மூன்று மாதமாக என் மண்டைக்குள் வேறு என்ன இருந்தது? அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது? அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை, அழுதுவிட்டேன். கண்ணைத் திறந்ததும் விளக்கம் வந்தது. போன பிறவியில் ஒரு குழந்தையைக் கிணற்றில் தள்ளியிருக்கிறீர்கள், அந்தக் கர்மா இப்போது எண்ணமாக வருகிறது, இன்னும் ஆறு அமர்வு தேவை.

வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு காரணம் கிடைத்துவிட்டதே என்ற நிம்மதி. வழியில் ஆட்டோவை நிறுத்திக் கரும்புச்சாறு குடித்தேன்.

ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் அந்த நிம்மதி தலைகீழாகிவிட்டது. அப்படியானால் நான் ஏற்கெனவே ஒருமுறை செய்தவள். மறுநாள் விடியும் முன் பாப்பாவை அத்தையிடம் விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினேன். 19 நாட்கள் அங்கே இருந்தேன். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மா வீட்டுத் தொட்டிமுற்றத்தில் நின்று பாலைப் பீய்ச்சி ஊற்றுவேன், பக்கத்திலேயே அம்மா தண்ணீர்ச் செம்போடு ஒன்றும் பேசாமல் நிற்பாள். அந்த 19 நாட்களை எனக்கும் என் மகளுக்கும் யாரும் திருப்பித் தர முடியாது.

பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது, இந்த முற்பிறவி விஷயத்தை ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று. கனடாவில் ஒட்டாவா நகரின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த நிக்கோலஸ் ஸ்பானோஸ் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1991-இல் வெளியிட்ட ஆய்வுகள். ஹிப்னாஸிஸில் முற்பிறவி சொன்னவர்களிடம் அந்தக் காலத்தைப் பற்றிய விவரங்களைக் கேட்டால், பெரும்பாலும் தப்பாகச் சொன்னார்கள். இன்னொரு சோதனையில், அந்தக் காலத்தில் குழந்தைகளைக் கொடுமைப்படுத்துவது சகஜம் என்று ஒரு குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். அந்தக் குழுவினர்தான் "போன பிறவியில் நான் சிறுவயதில் கொடுமை அனுபவித்தேன்" என்று அதிகம் சொன்னார்கள். கேட்பவர் என்ன எதிர்பார்க்கிறாரோ அது நினைவாக முளைக்கிறது. எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1995-இல் வெளியிட்ட சோதனையும் இதே மாதிரிதான். சின்ன வயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனாய் என்று, நடக்காத ஒன்றைக் குடும்பத்தார் சொன்னதாகச் சொன்னபோது, 24 பேரில் 6 பேர் முழுதாகவோ பாதியாகவோ "நினைவுகூர்ந்தார்கள்". முற்பிறவி கூட இல்லை, இந்தப் பிறவியிலேயே. என் கிணற்றருகே அந்தக் குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தியது என் பயம். அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்டுக் கதையை முடித்தது அந்த அறை.

அடுத்தது தட்டும் சிகிச்சை. டேப்பிங் என்பார்கள். புருவ ஓரம், கண்ணுக்குக் கீழ், காரை எலும்பு என்று சில இடங்களை விரலால் தட்டிக்கொண்டே சில வாக்கியங்களைச் சொல்ல வேண்டும். ஆன்லைன் வகுப்பில் கற்றுக்கொண்டேன். இது வேலை செய்தது. தட்டினால் பதற்றம் குறைந்தது, ஒவ்வொரு தடவையும். மூன்றே வாரத்தில் ஒருநாளைக்கு நாற்பது ஐம்பது தடவை தட்டிக்கொண்டிருந்தேன். வலது புருவ ஓரம் கன்றிப்போய்க் கறுத்தது. தட்டாமல் பாப்பாவைத் தூக்க முடியாது என்ற நிலை வந்தது. கணவரிடம் 34 தடவை கேட்டதும் இதுவும் ஒன்றுதான் என்பது எனக்கும் தெரியவில்லை, வகுப்பு எடுத்தவருக்கும் தெரியவில்லை. "நல்லது, விடாமல் செய்யுங்கள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

இதையும் சோதித்திருக்கிறார்கள். 2003-இல் வெயிட், ஹோல்டர் என்ற இருவர் கனடாவில் 119 மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு சொல்லப்பட்ட இடங்களில் தட்டியது, இன்னொரு குழு சம்பந்தமில்லாத இடங்களில் தட்டியது, மூன்றாவது குழு ஒரு பொம்மையின் மேல் தட்டியது, நான்காவது குழு தட்டவே இல்லை. தட்டிய மூன்று குழுக்களுக்கும் பயம் ஒரே அளவு குறைந்தது, பொம்மையைத் தட்டியவர்களுக்கும் சேர்த்து. அப்படியானால் அந்த இடங்களில் விசேஷம் ஒன்றுமில்லை. கவனம் திரும்புவது, யாரோ நமக்காக ஒன்று செய்கிறார்கள் என்ற தெம்பு, இவற்றால் வரும் ஆறுதல் அது. சாதாரணப் பதற்றத்துக்கு அந்த ஆறுதல் கெடுதல் செய்யாது. என் நோய்க்கு அது விறகு.

பாப்பாவுக்கு ஒன்பதாம் மாத ஊசி போடப் போனபோது குழந்தை டாக்டர் ஒன்றைக் கவனித்தார். ஊசி போட்டுக் குழந்தை வீரிடுகிறது, அம்மா கையை நீட்டவில்லை, பாட்டிதான் வாங்குகிறார். அத்தையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "நீங்க எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டார். ஒன்பது மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள். அவர் அனுப்பித்தான் மனநல மருத்துவரிடம் போனேன், அவர் வழியாக ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம், அதாவது மனநோய்க்குப் பேச்சும் பயிற்சியும் வழியாகச் சிகிச்சை தரும் உளவியலாளரிடம்.

முதல் நாள் எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயம். கொண்டுபோயிருந்த ஒரு தாளை நீட்டினேன். சைக்காலஜிஸ்ட் மேடம் படித்தார். முகம் மாறவில்லை. "இந்த எண்ணம் வரும்போது, செய்யணும்னு தோணுதா, செஞ்சிடுவோமோன்னு பயமா?" என்றார். பயம் என்றேன். யாராவது காதில் சொல்வதுபோலக் கேட்கிறதா, குழந்தையிடம் ஏதோ தப்பு இருக்கிறது என்று நம்புகிறீர்களா, தூக்கம் எப்படி என்று வரிசையாகக் கேட்டார். பிறகு பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம், மொத்தம் 40 மதிப்பெண், யேல்-பிரௌன் அளவுகோல் என்று பெயர். எனக்கு 29. கடுமையான ஓசிடி என்ற வகையில் வரும் என்றார். வேண்டாத எண்ணம் விடாமல் வருவதும், அந்தப் பயத்தைத் தணிக்க ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதும்தான் ஓசிடி.

அன்று அவர் சொன்ன இரண்டு செய்திகள் ஒன்பது மாதப் பாரத்தில் பாதியை இறக்கிவைத்தன. ஒன்று, 1978-இல் லண்டனில் ராக்மன், இலங்கையில் பிறந்த பத்மால் டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வு. நோய் எதுவும் இல்லாத சாதாரண மக்களிடம் கேட்டார்கள். ஐந்தில் நான்கு பேர், வேண்டாத, அருவருப்பான எண்ணங்கள் தங்களுக்கும் வருவதுண்டு என்றார்கள். அவற்றையும் ஓசிடி உள்ளவர்களின் எண்ணங்களையும் கலந்து கொடுத்தபோது, எது யாருடையது என்று பிரிப்பது நிபுணர்களுக்கே எளிதாக இல்லை. இரண்டாவது, 2008-இல் ஃபேர்பிரதர், வூடி இருவரும் புதுத் தாய்மாரிடம் செய்த ஆய்வு. குழந்தைக்கு நாமே தீங்கு செய்துவிடுவோமோ என்ற எண்ணம் ஏறக்குறையப் பாதித் தாய்மாருக்கு வந்திருந்தது. பாதிப் பேர்! என் அம்மாவுக்கு வந்திருக்கலாம், அத்தைக்கும் வந்திருக்கலாம். யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

சிகிச்சையின் பெயர் எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன், சுருக்கமாக ஈ.ஆர்.பி. பயப்படுவதை நெருங்க வேண்டும், நெருங்கியபின் வழக்கமாகச் செய்யும் தப்பிப்பைச் செய்யக் கூடாது. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்பவர் 1966-இல் இரண்டு நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டதிலிருந்து இது வளர்ந்தது. ஓயாமல் கழுவும் நோயாளியின் அறைக்குத் தண்ணீரையே நிறுத்தி, நர்சுகள் துணைக்கு இருந்தார்கள். இன்றைக்கு அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை, நோயாளியின் சம்மதத்தோடு படிப்படியாகப் போகிறார்கள்.

மேடம் சொன்ன உவமை இன்னும் மனதில் இருக்கிறது. சிரங்கைச் சொறிந்தால் சுகமாக இருக்கும், ஆனால் அந்தச் சுகத்தால்தான் சிரங்கு ஆறாது. கணவரிடம் கேட்பது, அரிவாள்மணையை ஒளிப்பது, தட்டுவது எல்லாமே சொறிவது. ஒவ்வொரு தடவை நிம்மதி வரும்போதும், "ஆபத்து நிஜம், இதைச் செய்ததால் தப்பித்தாய்" என்று மூளை ஒரு பாடம் படித்துக்கொள்கிறது. இதைக் கேட்டபோதுதான் புரிந்தது, அதுவரை ஒவ்வொரு சிகிச்சையையும் நான் எதை வைத்து எடைபோட்டேன் என்று. போய்வந்த அன்று நிம்மதியாக இருந்ததா? அவ்வளவுதான் என் அளவுகோல். அந்த அளவுகோலில் முற்பிறவி அறைக்கு 100 மதிப்பெண், தட்டலுக்கு 100. என்னைக் குணப்படுத்திய சிகிச்சைக்கு முதல் ஆறு வாரமும் பூஜ்யம்.

உண்மையாகவே கஷ்டமாக இருந்தது. முதலில் "கத்தி" என்று ஒரு தாளில் எழுதி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அப்புறம் மேஜையில் பழம் நறுக்கும் சின்னக் கத்தி. அப்புறம் பாப்பாவை நானே குளிப்பாட்டுவது, பக்கத்தில் அத்தை இல்லாமல். பத்தாவது வாரம் பரணில் ஏறி அரிவாள்மணையை இறக்கினேன். துருப்பிடித்திருந்தது. புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன், கை நடுங்க நடுங்க. கூடத்தில் தூளி கட்டிப் பாப்பாவைப் போட்டுவிட்டு, தூளி கண்ணில் படுகிற தூரத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கினேன். தவழ்கிற குழந்தையைக் கூரான பொருள் பக்கத்தில் விடச் சொல்கிறார்களோ என்று யாரும் நினைக்க வேண்டாம். மற்ற அம்மாக்கள் சாதாரணமாக எவ்வளவு ஜாக்கிரதையாக இருப்பார்களோ அவ்வளவு, அதற்கு மேல் வேண்டாம் என்பதுதான் விதி.

பயத்தை 0 முதல் 100 வரை எண்ணில் குறித்துவைப்பேன். அன்று 85-இல் தொடங்கி, நாற்பது நிமிடம் கழித்தும் 80. தோற்றுவிட்டேன் என்று மேடத்திடம் அழுதேன். "குறையலைன்னா பரவாயில்லை. எழுந்து ஓடலையே, அதுதான் இன்னைக்குப் பாடம்" என்றார். நாலாவது நாள் 50. இரண்டாவது வாரம் எண்ணைக் குறிக்கவே மறந்துபோனேன்.

கணவருக்குத்தான் இன்னும் கஷ்டம். நான் கேட்டால் பதில் சொல்லக் கூடாது. "இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாதும்மா, வா, கொஞ்சம் நடப்போம்" என்பார். முதல் வாரம் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று திட்டினேன். அவர் கண் கலங்குவதும் தெரிந்தது. வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், கேட்கும்போதெல்லாம் உறுதி சொல்வது பாசம் என்றே தோன்றும். அந்தப் பாசத்தை எந்த வடிவில் காட்டுவது என்று சைக்காலஜிஸ்டிடம் குடும்பத்தாரும் சேர்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். கூடவே மாத்திரையும் எடுத்தேன். தாய்ப்பால் கொடுப்பதைக் கணக்கில் வைத்து மருத்துவர் செர்ட்ரலின் கொடுத்தார். ஓசிடிக்கு இந்த வகை மருந்துகள் பலன் காட்ட 8 முதல் 12 வாரம் ஆகலாம் என்று முதலிலேயே சொன்னது நல்லதாய்ப் போயிற்று. இல்லாவிட்டால் மூன்றாவது வாரமே நிறுத்தியிருப்பேன். ஏழு மாதம் கழித்து அதே படிவத்தில் என் மதிப்பெண் 9.

இப்போது யாராவது, "எனக்கு அந்தச் சிகிச்சை பலித்தது, உங்களுக்கு இது பலித்தது, இரண்டும் அனுபவம்தானே?" என்று கேட்டால், என் அனுபவத்தை நான் ஆதாரமாக வைப்பதில்லை. நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் உதவி தேடி ஓடுகிறார். உச்சத்திலிருந்து எப்படியும் கொஞ்சம் இறங்கும். அந்த நேரத்தில் கையில் இருந்தது எதுவோ, அதற்கே நல்ல பெயர் கிடைத்துவிடும். அதனால்தான் ஒப்பிட இன்னொரு குழு வேண்டும். 2005-இல் எட்னா ஃபோவா என்ற உளவியலாளரும் மற்றவர்களும் அமெரிக்காவில் ஓசிடி உள்ள 122 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 12 வாரம் முடித்தவர்களில் ஈ.ஆர்.பி. பெற்றவர்களுக்கு 86 சதவீதம் பலன், ஓசிடிக்குக் கொடுக்கும் குளோமிப்ரமின் மாத்திரைக்கு 48, மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்கு 10. இடையில் விட்டவர்களையும் கணக்கில் சேர்த்தால் 62, 42, 8. எனக்கு இந்த இரண்டாவது வரிசை மேல்தான் மரியாதை. எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை, எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்று தானே எழுதிவைக்கிற சிகிச்சை அது. முற்பிறவி அறையின் சுவரில் அப்படி ஒரு கணக்கு இல்லை.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இப்போது மற்றவர்களுக்குச் சொல்வது இதுதான். இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு மன்றம், அதாவது ஆர்.சி.ஐ., பதிவு வேண்டும். பதிவு எண் கேளுங்கள், நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். என் பிரச்சினைக்கு என்ன பெயர், இந்தச் சிகிச்சையை இதே பிரச்சினைக்குச் சோதித்திருக்கிறார்களா, எத்தனை வாரம் ஆகும் என்று கேளுங்கள். கடைசியாக, பலிக்கவில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வோம் என்று கேளுங்கள். என் மேடம் "பன்னிரண்டு வாரத்தில் மதிப்பெண் குறையாவிட்டால் திட்டத்தை மாற்றுவோம்" என்றார். முற்பிறவிக்காரரிடம் கேட்டிருந்தால் இன்னும் ஆறு அமர்வு என்றுதான் வந்திருக்கும். மைக்ரேன், கடன், கல்யாணத் தடை, ஓசிடி எல்லாவற்றுக்கும் ஒரே சிகிச்சை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உங்களுக்கே தெரியாத ரகசியத்தை உங்களுக்குள்ளிருந்து கண்டுபிடித்துத் தருகிறேன் என்றாலும்.

பட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். நடுவில் முறையாகப் படித்த ஒருவரே, எண்ணம் வரும்போது மணிக்கட்டில் ரப்பர் பேண்டைச் சுண்டி "நில்" என்று சொல்லச் சொன்னார். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்த சோதனையிலேயே தெரிந்துவிட்டது, அடக்க அடக்க எண்ணம் திரும்பி வரும் என்று. என் கரடி ரப்பர் பேண்டுக்கு அடங்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. பிரசவத்துக்குப் பிறகான வாரங்களில் ஒருத்திக்குக் குரல் கேட்கிறது, குழந்தையிடம் தீய சக்தி இருக்கிறது என்று நம்புகிறாள், நாள் கணக்கில் தூங்கவே இல்லை, பேச்சு குழம்புகிறது என்றால் அது வேறு நோய். அன்றைக்கே மருத்துவமனை, தாயைத் தனியே விடக் கூடாது. மற்றவர்களுக்கு, பணம் தடையாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். எனக்கு அது நடந்தபோது அப்படி ஒரு எண் இல்லை.

வாய் வராவிட்டால் எழுதிக்கொண்டு போங்கள். நான் மேடத்திடம் நீட்டிய தாள் ஒரு மளிகைச் சீட்டின் பின்பக்கம். முன்பக்கம் துவரம்பருப்பு ஒரு கிலோ, பாப்பாவுக்கு ராகி. பின்பக்கம் நாலு வரி. என்ன எண்ணம் வருகிறது, வந்தால் என்ன செய்கிறேன், எத்தனை நாளாக, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். கடைசி வரியை மேடம் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் "சரி" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.